கைம்மாறு இல்லாத ரொட்டி

குருமிதானி மலையூரில் ஒரு காலத்தில் நாற்பத்துமூன்று வீடுகளில் அடுப்பு எரிந்தது. சதா என்ற குடும்பத்தார் மகனோடு வாழ ஒசாகாவுக்குப் போனபின் எஞ்சியவை இரண்டே: ஊர்த்தலைவர் சகுஸோவின் வீடு, அவரைவிட இரண்டு வயது மூத்தவளான உமெனோ பாட்டியின் வீடு. அறிவிப்புகளைத் தாங்கி வீடு வீடாகப் போகும் சுற்றுப்பலகை, படித்ததற்கு அடையாளமாக எல்லா வீட்டு முத்திரைகளையும் பெற்றுத் திரும்ப முன்பு ஒரு வாரம் ஆகும். இப்போது தெருவைக் கடந்து உடனே வந்துவிடுகிறது. மூன்று வீடுகளாவது இல்லையேல், ஏப்ரல் முதல் குருமிதானியை அடிவார ஊரோடு சேர்த்துவிடுவதாக நகர அலுவலகம் எழுதியிருந்தது. எழுபத்தாறு ஆண்டுகளாகத் தம் முகவரியில் இருந்த பெயரை இழக்கச் சகுஸோவுக்கு மனமில்லை.

ஆகவே, சதா குடும்பத்தார் விட்டுப்போன வீட்டில் ஒரு மாதம் தங்கிப் பார்த்து முடிவெடுப்பதாக மிஹாரு என்ற பெண் வந்தபோது, அவருக்குத் தலைகால் புரியவில்லை. விடியுமுன்னே அவள் வாசலில் ஐந்து முள்ளங்கிகளை வைத்துவிட்டு வந்தார். உமெனோ ஒரு கூடை முட்டைக்கோஸ் வைத்தார்.

பெற்றதற்குக் கைம்மாறு செய்யாதிருப்பது அங்கே வழக்கமில்லை. மிஹாரு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். ரொட்டிக்குச் சகுஸோ பூசணி தந்தார். பூசணிக்கு அவள் கேக் தந்தாள். கேக்குக்கு உமெனோ ஒரு ஜாடி ஊறுகாய். மூன்றாம் வாரம் மிஹாருவின் காரில் பெட்டிகள் ஏறுவதைச் சகுஸோ கண்டார்.

"என்னம்மா, கிளம்பிட்டியா? ஊரு பிடிக்கலையா?"

"ஊரு ரொம்பப் பிடிச்சிருக்கு ஐயா. ஆனா வேலைய முடிச்சிட்டு உக்காந்து ரொட்டியே சுட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்குக் கதவத் திறந்தா மறுபடியும் ஏழு முள்ளங்கி! என்னால ஈடுகொடுக்க முடியல."

"ஏழா? நான் வெச்சது நாலுதானே!"

"மிச்சம் மூணு என்னுது," என்றார் எதிர்வீட்டு வாசலில் நின்ற உமெனோ. "நீ வெச்சா நான் சும்மா இருப்பேனா? உன் முள்ளங்கியப் பாத்தே பொண்ணு ஓடுது, சகுஸோ."

"உங்க ஊறுகாயத் தின்னுட்டு அது எழுந்து நடக்குறதே பெருசு, அக்கா!"

மிஹாரு சிரித்தாள். ஆனால் பெட்டியை இறக்கவில்லை.

சகுஸோ வீட்டுக்குள் போய் யோசித்தார். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ஆடுகள், முட்டிக்கொள்வதற்குப் பதிலாக, "நீங்கள் முதலில் போங்கள்" என்று உபசரித்துக்கொண்டே நின்றால் இரண்டுமே பட்டினிதான். ஏதாவது ஓர் ஆடு மரியாதையைக் கைவிட்டாக வேண்டும். அவர் சுற்றுப்பலகையை எடுத்து எழுதினார்:

"இன்று முதல் குருமிதானியில் காய்கறியோ வேறெதுவோ பெறுவோர் கைம்மாறு செய்யலாகாது. மீறுவோர் தலைவரின் தோட்டத்து முள்ளங்கி முழுவதையும் தின்று தீர்க்க வேண்டும்."

தம் முத்திரையைக் குத்தினார். உமெனோ கண்ணாடியைத் தேடி எடுத்து இருமுறை படித்தார். "அம்பது வருஷமா உனக்கு நான் திருப்பிக் குடுத்ததெல்லாம் வீணா?" என்று முணுமுணுத்தபடி அவரும் குத்தினார். பிறகு சகுஸோ பலகையை மிஹாருவிடம் நீட்டினார்.

"நான் இன்னும் இந்த ஊர்க்காரி ஆகலையே, ஐயா?"

"வரிசைப்படி அடுத்த வீடு உன்னுதும்மா. குத்துறதும் குத்தாததும் உன் இஷ்டம்."

மாலையில் அவர் வாசலில் பலகை இருந்தது. மூன்றாம் கட்டத்தில் மிஹாருவின் முத்திரை, ஈரம் காயாத சிவப்பில். பலகைமேல் துணியில் சுற்றிய சூடான ரொட்டி, கூடவே ஒரு சீட்டு: "இது கைம்மாறு இல்லை. கூடுதலாகச் சுட்டுவிட்டேன்."

ரொட்டியை மென்றபடியே சகுஸோவின் கால்கள் பழக்கத்தால் முள்ளங்கிப் பாத்தியை நோக்கி நடந்தன.

"எழுதுனதப் படிச்சியா, தலைவரே?" என்றது எதிர்வீட்டுக் குரல்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார்.