முருங்கைக்காய் பறிக்கும் ரோபோ

திண்டுக்கல் மாவட்ட வரலாற்றில், ஏன், மனிதன் இயந்திரம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்தே, முருங்கைக்காய் பறிக்கும் முதல் ரோபோ வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒன்று இருபதுக்கு நாகல் நகரில் உலகத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டது. உலகம் என்றால் ‘தூரிகைப் பேரவை’ என்ற வாட்ஸ்அப் குழு. இருநூற்றுப் பதினான்கு பேர். ரோபோவும் முழு ரோபோ இல்லை. இடுப்புவரை வந்திருந்தது. அதற்குக் கீழே நாலைந்து நீலக் கோடுகள்தான்.

வரைந்தவள் நாகஜோதி. பதினாறு வருடமாக ஒரு பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். காது குத்திக்கொண்டவர், வயதுக்கு வந்தவர், செத்துப்போனவர் எல்லோருடைய பெயரையும் மூன்றடி உயரத்துக்கு அடித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் பெயர் எதிலும் வந்ததில்லை. மூலையில் வருவது முதலாளியின் செல் நம்பர். சென்னையில் ஒரு சிறுவர் அறிவியல் மாத இதழ் அட்டைப்படம் வரைய ஆள் தேடியது. அனுப்பும் மாதிரி பிடித்துவிட்டால் மாதாமாதம் ஓர் அட்டை, உள்ளே ‘ஓவியம்: நாகஜோதி’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் சாப்பாட்டு வேளையெல்லாம் வரைந்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல படம். நெஞ்சுத் தகட்டின் துருவில் மட்டும் மூன்று வகைப் பழுப்பு. கண்ணுக்குப் பதில் பழைய சைக்கிளின் டைனமோ விளக்கு. கழுத்தில் ஒரு வேர்வைத் துண்டு, ரோபோவுக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றாதபடி பொருந்தியிருந்தது. ஆனால் காயை நோக்கித் தூக்கிய வலது கை மட்டும் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஆறு தடவை அழித்துப் பார்த்துவிட்டாள். ஏன் என்று பிடிபடவில்லை. அதனால்தான் பேரவையில் கேட்டாள்: ‘இன்னும் முடியாத படம். கையில் ஏதோ தப்பு. என்னவென்று சொல்லுங்கள்.’

முப்பத்தொரு பேர் அருமை என்றார்கள். பதினேழு ரோஜாப்பூ வந்தது. ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். பேரவைத் தலைவர் தூரிகைத் திலகம் கிளெமென்ட் ஏழு நிமிடத்துக்குப் பேசி அனுப்பியிருந்தார். தூரிகைத் திலகம் என்பது பேரவை அவருக்கு வழங்கிய பட்டம். பேரவை என்பது பெரும்பாலும் அவர். குகை ஓவியத்தில் கிளம்பி, கோயில் தூண்களைச் சுற்றிவந்து, ஆறாவது நிமிடத்தில் ரோபோவிடம் வந்து சேர்ந்தார். இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி நிமிர்ந்து நிற்கிற இவன் இயந்திரமல்ல, தமிழன் என்று முடித்தார். நாகஜோதி நீலக் கோடுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

கடை பெஞ்சில், மகளின் காதணி விழா பிளக்ஸுக்காகச் சேவுகம்பட்டி முருகேசன் காத்திருந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

“கையத் தூக்கிட்டு நின்னா மரியாதையா இல்ல தாயி. கும்புட்ட மாதிரி வச்சு விடுங்க.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிளக்ஸில் மனிதர்கள் கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். கையைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துவந்த மாமன்களுக்கு ஒட்டவென்றே நாகஜோதியின் கம்ப்யூட்டரில் கும்பிட்ட ஒரு ஜோடிக் கை உண்டு. ஊரில் பாதிப் பேர் கும்பிடுவது அந்தக் கையால்தான்.

மூன்றரைக்கு மாடித் தையல் கடையிலிருந்து ஜீனத் டீ குடிக்க இறங்கி வந்தாள். இருவருக்கும் ஒரே வயது. பத்து வருடமாக ஒன்றாகக் குடிக்கிற டீ. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

“இவன் சட்டைய எவன்டி தச்சது?”

“சட்டையில்ல ஜீனத்து. தகடு.”

“தகடோ துணியோ, கையத் தூக்குனா எல்லாம் ஒண்ணுதான். கைக்குழி இழுத்திருக்கணும், தோளு ஒசந்திருக்கணும். ஒண்ணையும் காணோம். கைய மட்டும் அனுப்பிட்டு ஆளு வரல பாரு.”

தையல் சாக்பீஸால் திரையிலேயே கோடு போடப் போனாள். நாகஜோதி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் ஜீனத் டம்ளரை வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இறுக்கி, இல்லாத காய் ஒன்றைப் பறிக்கக் கையை உயர்த்தினாள். அக்குளிலிருந்து இடுப்புவரை மடிப்பு இழுத்தது. ஒரு தோள் ஏறியது, மறுதோள் இறங்கியது, ஒரு குதிகால் தரையை விட்டது. முருகேசனும் பெஞ்சிலிருந்து எழுந்து கையைத் தூக்கிப் பார்த்தார். சட்டை வயிற்றை விட்டுக் கிளம்பியது.

“ஆமா, இழுக்கத்தான் செய்யுது,” என்றார், நாற்பது வருடமாகச் சட்டை போடுகிறவர்.

நாகஜோதிக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் தனியாக வரைந்து, வெட்டி, திருப்பி வைத்திருந்தாள். மாமன்களுக்கு ஒட்டுகிற மாதிரியே. ஏழாவது தடவை அழித்தாள். இந்த முறை கையில் தொடங்கவில்லை, இடுப்பில் தொடங்கினாள். விலாத் தகடுகள் ஒரு பக்கம் விரிந்து, இடைவெளியில் ஒயர்கள் தெரிந்தன. தோள் ஏறியது. கழுத்துத் துண்டு மறுபக்கம் சரிந்தது. கை கடைசியில், தானாக வந்த மாதிரி வந்தது. மாடியில் ஒருத்தி ஜாக்கெட்டுக்காகக் காத்திருந்தாள், முருகேசனின் பிளக்ஸ் இன்னும் தொடங்கவேயில்லை. ஜீனத்தும் முருகேசனும் நகரவில்லை. இரும்பு விரல்நுனி காயைத் தொட்டபோது முருகேசனின் கை அவரை அறியாமல் பாதி உயர்ந்திருந்தது.

“இப்ப எட்டுது,” என்றாள் ஜீனத். இதற்கு முன் அடுத்தவர் தையலில் அவள் குறை சொல்லாமல் விட்டதாக நாகல் நகரில் யாருக்கும் நினைவில்லை.

மணி நாலு ஐம்பத்து மூன்று. ரோபோவுக்கு இன்னும் கால் வரையவில்லை.