ஐம்பத்தாறு கிலோ

வாசற்படியில் வெல்டர் அனீஷின் சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான், கொழுந்தன் ஆனந்தகிருஷ்ணன்.

"அந்தச் சனியன வெல்டு பண்ணிக் குடுத்து எங்கண்ணாவக் கொன்னாச்சு. இங்க என்னடா உனக்கு?"

"விடு அவன," என்றாள் அனந்தலக்ஷ்மி.

"மன்னி, நீங்க உள்ள போங்கோ."

"விடுன்னேன்."

கூடத்தில் அவள் கணவர் ஸ்ரீகண்டன் கிடந்தார். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, ஒரு மணி நேரம் முன்புதான் வலியசாலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் இன்னும் பக்கத்தில் போகவில்லை. 'ஆசைப்பட்டதைப் பண்ணிண்டே போனார், பாக்கியவான்' என்று யாரோ சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாக்கியமாம், பாக்கியம். ஆறு வருஷம் அனீஷின் பட்டறையில் அலுமினியக் குழாயோடும் துணியோடும் மாரடித்து, இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானம். முன் இருக்கை அவளுக்கு. அது காலியாக இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்று, அவளை எடை மெஷினில் நிற்கவைத்து, ஐம்பத்தாறு கிலோ என்று குறித்துக்கொண்ட மனுஷர்.

நேற்றுக் காலை புறப்படும் நேரத்தில், "உங்க தகர டப்பால ஏற எனக்கென்ன பைத்தியமா?" என்று அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கெஞ்சவில்லை. ஐம்பது கிலோ அரிசி மூட்டையையும் ஆறு கிலோ துவரம்பருப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வயலெல்லாம் அரிசி இறைந்து கிடந்ததாகப் போலீஸ்காரர் சொன்னார்.

மூட்டை சரிந்துதான் விமானம் விழுந்ததா? அவள் உட்கார்ந்திருந்தால் சரிந்திருக்க மாட்டாளே. நேற்றிலிருந்து அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"அனீஷ், மூட்டை சரிஞ்சுதா?"

"இல்ல சேச்சி. நானாக்கும் கெட்டினது. விழுந்த பெறவும் கட்டு அப்படியே இருந்து. சாக்குதான் கிழிஞ்சுபோச்சு."

"பின்ன எப்படி?"

"இஞ்சின் நின்னுபோச்சு. முன்னால சேத்து வயல். நேரே எறக்கியிருந்தா சக்கரமும் ரெக்கையும் ஒடியும், ஆளுக்கு ஒண்ணும் வராது. இஞ்சின் நின்னா திரும்பக்கூடாது, திரும்பினா தலைகுப்புற விழும், நேரே எறக்கணும்னு சார்தான் எனக்குப் படிப்பிச்சது." அனீஷ் தரையைப் பார்த்தான். "சார் பொறப்பட்ட எடத்துக்கே திரும்பினாரு சேச்சி."

"எதுக்கு?"

"வண்டி ஒடையாம இருக்க."

ஆனந்தகிருஷ்ணன் அனீஷின் சட்டையிலிருந்து கையை எடுத்தான்.

அவள் விடுவிடுவென்று கூடத்துக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒடிஞ்சா ஒடிஞ்சுட்டுப் போறது. இன்னொண்ணு பண்ணிக்கப்படாதா?" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து. "நான் ஒருத்தி ஆத்துல இருக்கேனே, அது ஞாபகம் வரலையா உங்களுக்கு?"



"நாழியாறது," என்றார் மந்திரம் சொல்ல வந்திருந்த வாத்தியார் மெதுவாக.

குளிப்பாட்டியும் அவர் நகக்கண்களில் பட்டறைக் கிரீஸ் போகவில்லை. அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அவர் வலது கையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதுபோல் சுரண்டத் தொடங்கினாள். தூக்க வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். கட்டைவிரல் முடிந்ததும் அடுத்த விரலைப் பிடித்தாள்.