வயலினைத் தூக்கும் நேரம்

ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறேன் என்று சொன்னால், கோபியில் உள்ள என் சொந்தக்காரர்களுக்கு மாரியம்மன் நோம்பிக்கு மேடை போட்டுப் பாடுகிற கூட்டம்தான் ஞாபகம் வரும். "என்ன அம்மணி, நம்மூர் நோம்பிக்கும் வருவீங்களா?" என்று சித்தப்பா பார்க்கிற போதெல்லாம் கிண்டல் செய்வார். நான் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எங்களுடையது கோயமுத்தூரில் சர்ச் நடத்தும் பள்ளிக்கூடம். அதன் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் ஒன்பது பேர். இந்த வருடம் அந்த ஒன்பது பேருக்கும் லீடர் லோகப்பிரியாவாகிய நான்.

லீடர் என்றால் பெரிய வித்வான் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாற்காலியில் உட்கார்ந்து எண்ண வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்னைப் பத்து நாளாகத் தூங்கவிடவில்லை.

ஆண்டு விழாவுக்கு எங்கள் மியூசிக் மாஸ்டர் தேவானந்தம் சார் ஒரு இசைக்கோவை எழுதியிருந்தார். அதன் நடுவில் எங்கள் வரிசை இருபத்துநாலு பார் சும்மா இருக்க வேண்டும். பார் என்றால் ஒரு தாளச் சுற்று, அதற்கு நாலு தட்டு. அந்த நேரம் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் ஃபுளூட் வாசிப்பார்கள். அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போகவே சாருக்கு இரண்டு கையும் போதாது. "அந்த நேரத்துல என்னால உங்க பக்கம் திரும்ப முடியாது கண்ணு. நீதான் கூட்டிட்டு வரணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். இருபத்துமூன்றாவது பார் தொடங்கும்போது நான் வயலினை மடியிலிருந்து தோளுக்குத் தூக்க வேண்டும். அதுதான் அடையாளம். மற்ற எட்டுப் பேரும் அதைப் பார்த்துத் தூக்கி, இருபத்துநாலு முடிந்ததும் என்னோடு சேர்ந்து வாசிப்பார்கள்.

வியாழக்கிழமை ஒத்திகையில் ஒரு பார் முன்னாலேயே தூக்கிவிட்டேன். ஃபுளூட் பிள்ளைகள் இன்னும் முடிக்கவில்லை, அதற்குள் அவர்கள் தலைமேல் நாங்கள் ஒன்பது பேரும் போய் விழுந்தோம். நான் பயந்தது தப்பு செய்ததால் அல்ல. பின்னால் ஒருத்தர்கூடத் தயங்கவில்லை, அதனால்தான். கிணற்றில் குதித்திருந்தாலும் வரிசையாக வந்து குதித்திருப்பார்கள்.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சனிக்கிழமையும் இப்படியே ஆச்சுன்னா, அடுத்து அந்தச் சேர்ல கிருபாசங்கர் உக்காரட்டும் கண்ணு" என்றார். கிருபாசங்கர் கடைசி நாற்காலியில் இருப்பவன். நல்லவன்தான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்த முதல் நாற்காலி எனக்கு வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு நாற்காலியாக நகர்ந்து வந்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்று ஒத்திகை முடிந்ததும் பக்கத்து நாற்காலி ஃபெமினாவிடம் கெஞ்சினேன். "நீயும் கூட எண்ணுடி. நான் விட்டாலும் நீ பிடிச்சுக்கலாம்."

"நான் எண்ணி, உன் கணக்கு வேற, என் கணக்கு வேறன்னு ஆச்சுன்னா யாரு பின்னாடி போறது? நீ தூக்குனா நாங்க தூக்குவோம். எண்ணுறது உம்பட வேலை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். அப்படியானால் எட்டுப் பேரில் எண்ணுகிற ஆள் ஒருவருமே இல்லை. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, எண்ணிக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டேன்.

சனிக்கிழமை சாயந்தரம். மூன்றாவது வரிசையில் அம்மா பச்சைப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருபத்துநாலு பார் வந்தது. வயலினை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாருக்கு ஒரு விரலாக முழங்காலில் அழுத்திக்கொண்டே போனேன். பதினாறோ பதினேழோ தெரியாது, அந்த இடத்தில் மைக் கீச்சென்று கத்தியது. ஒரு நொடிதான். நடுவிரலை அழுத்திவிட்டேனா, அழுத்தப் போகிறேனா என்று மறந்துபோனது.

பதினேழு என்று வைத்துக்கொண்டேன். பதினெட்டு. பத்தொன்பது. ஒருவேளை பதினாறாக இருந்தால்? வியாழக்கிழமை மாதிரியே ஒரு பார் முன்னால் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் விழுவேன். இந்த முறை பார்க்க எண்ணூறு பேர். இருபத்துமூன்று வந்தது. ஃபெமினாவின் பார்வை என் கைமேலேயே இருந்தது. என் கை எழவில்லை. பயம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

தப்பானால் என்னோடு போகட்டும் என்று அப்போது தோன்றியது. இருபத்துநாலு முடிகிற கடைசித் தட்டில், யாருக்கும் அடையாளம் காட்டாமல், வெடுக்கென்று வயலினைத் தோளில் வைத்து வாசித்துவிட்டேன்.

சரியான இடம்.

ஃபுளூட் நின்ற அதே நொடியில் என் வயலின் தொடங்கியது. ஒன்பது வயலினில் வர வேண்டியது ஒரே வயலினில், மெலிந்து, நடுங்கிக்கொண்டு வந்தது. எட்டுப் பேரும் வயலினை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேரலாமா, கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சார் இடது கையை வீசிக் கூப்பிட்ட பிறகு, ஐந்தாவது பாரில்தான் வந்து சேர்ந்தார்கள்.

முடிந்ததும் அம்மா மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். "உனக்கு மட்டும் தனியா வாசிக்கக் குடுத்தாங்களா கண்ணு? ஊட்ல ஒரு வார்த்தை சொல்லவேயில்லையே" என்று முகமெல்லாம் சிரிப்பாக என் கன்னத்தைத் தடவினாள். நான் குனிந்து வயலின் வில்லைத் தளர்த்தினேன். சார் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "எண்ணிக்கை சரி. சேரைப் பத்தித் திங்கக்கிழமை பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபெமினா வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"தப்பாயிருந்தா நான் மட்டும் மாட்டிக்கலாம்னுதான்டி இருபத்துமூணுல தூக்கலை."

"தப்பாயிருந்தா ஒம்பது பேரும் சேர்ந்து மாட்டியிருப்போம்" என்றாள் அவள், தலை நிமிராமல். "நீ சரியா எண்ணிப்போட்டு எங்கள உட்டுட்டுப் போயிட்டே."

பின்னால் நாற்காலிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. "திங்கக்கிழமை நீங்கெல்லாம் யாரு பின்னாடி உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

அவள் பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள்.

"தூக்கறவங்க பின்னாடி" என்றாள்.