ஒட்டியும் வெட்டியும் பேசிய கல்பகம் டீச்சர்

1975ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடா காலனி உயர்நிலைப் பள்ளியின் கல்பகம் டீச்சர் இரண்டு பேரானாள். பள்ளிகளுக்கிடையிலான ஆங்கில விவாதப் போட்டிக்கு வேதா, ஜுலைகா என்ற இரண்டு மாணவிகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். எந்தப் பக்கம் பேசுவது என்பதை மேடையேறச் சற்று முன்புதான் சீட்டுக் குலுக்கிச் சொல்வார்கள். ஒட்டியும் பழக வேண்டும், வெட்டியும் பழக வேண்டும். எதிர்த்துப் பேசிக் காட்டவோ ஆளில்லை. மற்ற ஆசிரியர்கள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள். கல்பகம் எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பழைய நாற்காலியிலும் அவளே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் அதே நைலக்ஸ் புடவை, அதே மூக்குக்கண்ணாடி. "எந்த டீச்சர் சொல்றத எழுதிக்கணும்?" என்று ஜுலைகா கேட்டாள். "ரெண்டையும்" என்றார்கள் இருவரும். பள்ளி மணி அடித்ததும் ஒருத்தியாகிவிட்டார்கள்.

போட்டிகள் நடக்கும் மாதங்களில் தினமும் இப்படி ஆயிற்று. காலனியில் ஒட்டி, வெட்டி என்று அவர்களுக்குப் பெயரும் வைத்தார்கள். அவளுடைய கணவர் லக்ஷ்மிநாராயணன் மட்டும்தான் கவலைப்பட்டார். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். பழுதை முன்கூட்டியே எதிர்பார்ப்பது அவர் வேலை. ப்யூன் ஒருநாள் மணி அடிக்க மறந்தால்? ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் நேரே பள்ளி வாசலுக்குப் போய் நிற்பார்.

"ஒருத்தியாத்தானே வந்திருக்கே?"

"ஒருத்தியாத்தான் வந்திருக்கேன். ஆத்துக்குப் போய் காபி குடிக்கலாம், வாங்கோ."

மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கல்கத்தா ஆபீசுக்கு மாத்திட்டா. டிசம்பர்ல சேரணும்" என்றார். அடைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கல்பகம், விவாதத் தலைப்பு எதுவும் கொடுக்காமலே இரண்டானாள். "போயிடலாம். உங்களைத் தனியா எப்படி விடறது" என்றாள் கரண்டி வைத்திருந்தவள். "நான் வரல. நவம்பர்ல ஃபைனல், ஜெயிச்சப்புறம் பாக்கலாம்" என்றாள் வெறுங்கையாக நின்றவள். லக்ஷ்மிநாராயணன் பூஜை அலமாரியிலிருந்த மணியை எடுத்துவந்து அடித்தார். கை வலிக்கும்வரை அடித்தார். பக்கத்து வீட்டு சாந்தா தீபாராதனை என்று நினைத்துக் கற்பூரம் ஒற்றிக்கொள்ள வந்து, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடை கருகிற்று. இருவரும் சேரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேர். ஒருத்தியிடம் தண்ணீர் கேட்டால் இன்னொருத்தி முகம் வாடியது. ஆனால் மாணவிகளுக்கு இது நல்லதாகவே முடிந்தது. வீட்டில் விட்ட சண்டையைப் பள்ளியில் தொடர்ந்ததால் டீச்சர்களின் வாதங்கள் கூர்மையாயின. காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் ஜெயித்தார்கள். ஃபைனலும் ஜெயித்துவிட்டால் வெட்டிக்கு இந்த ஊரில் வேலை தீர்ந்துவிடும் என்று லக்ஷ்மிநாராயணன் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

ஃபைனல் செகந்திராபாத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏழை நாட்டுக்கு விண்வெளி ஆராய்ச்சி வேண்டுமா என்பது தலைப்பு. வேதா குறை சொல்ல முடியாதபடி பேசினாள். பதிலுரைக்கு எழுந்த ஜுலைகா நடுவில் ஒரு வாக்கியத்தில் தடுமாறி, முன்வரிசையில் இருந்த டீச்சரைப் பார்த்தாள். ஒட்டி ஆமென்று தலையாட்டினாள். வெட்டி இல்லையென்று தலையாட்டினாள். ஜுலைகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி, நேரம் முடியும்வரை வாய் திறக்காமல் நின்றாள். கோப்பை வேறு பள்ளிக்குப் போயிற்று.

பஸ்ஸில் வரும்போது ஜுலைகா அழுதாள். வேதா தன் கைக்குட்டையை நீட்ட, "நக்கோ, வேண்டாம்" என்று தள்ளினாள். வெட்டி அவள் தோளை அணைத்துக்கொண்டு, "அடுத்த சீசன் ஜெயிக்காம நான் எங்கயும் நகர மாட்டேன்" என்றாள்.

"ஏன் கல்பகம்?" என்றார், போட்டி பார்க்க வந்து பின் சீட்டில் இருந்த லக்ஷ்மிநாராயணன்.

"கல்யாணமாகி இப்பத்தான் ஏன்னு கேக்கறேள். இங்க கண் முழிச்சா, இன்னிக்கு என்ன பேசலாம்னு இருக்கு. அங்க வந்தா என்ன சமைக்கலாம்னுதான் இருக்கும்."

அவர் ஒட்டியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் அவரும் ஒட்டியும் ரயிலேறினார்கள். வெட்டி மாணவிகளோடு வந்து வழியனுப்பினாள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் மட்டும் லீவில் வந்தார். இரண்டாம் வருஷமே கோப்பை கிடைத்தது. இனிக் கிளம்புவாள் என்று ஆசையோடு வந்தவரிடம் வெட்டி, "வாங்கினதைக் காப்பாத்த வேண்டாமா?" என்றாள். கல்கத்தாவில் ஒட்டி அவர் சொன்ன எதற்கும் சரியென்றாள். சரியென்று கேட்டுக் கேட்டு, தான் சொல்வது சரிதானா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. லீவில் வந்தாலோ காய்கறியிலிருந்து சினிமாவரை எல்லாவற்றுக்கும் வெட்டியின் மறுப்பு. அப்போது கல்கத்தாவை நினைத்துக்கொள்வார்.

1986இல் ஓய்வு பெற்று, ஒட்டியோடு திரும்பும்போது ரயிலில் அவர் தூங்கவில்லை. முன்பு சேர மாட்டார்களோ என்று பயந்தவர், இப்போது பார்த்த மாத்திரத்தில் சேர்ந்துவிடுவார்களோ என்று நடுங்கினார். சேர்ந்தால் எவளாவது ஒருத்தி போய்விடுவாளே. வெட்டி கதவைத் திறந்தாள். அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஒட்டி கல்கத்தா இனிப்பில் சதை போட்டிருந்தாள். ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இளைச்சுட்டே" என்றாள் ஒட்டி.

"இல்லவே இல்லை. உள்ள வா" என்றாள் வெட்டி.

அவ்வளவுதான். லக்ஷ்மிநாராயணன் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்தார்.

அடுத்த மாதம் ரேஷன் கார்டு புதுப்பிக்கப் போனார். விண்ணப்பத்தில் கல்பகம், கல்பகம் என்று இரண்டு முறை எழுதியிருந்ததைப் பார்த்த குமாஸ்தா, கைதவறி எழுதியதா என்று கேட்டான். இல்லை, இரண்டு பேரும் என் மனைவிதான், ஒரே ஆள்தான் என்று அவர் விளக்கத் தொடங்கினார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "ஹவ் சாப்" என்று ஆமோதித்து முத்திரை குத்தி, மூன்று பேருக்கான சர்க்கரை எழுதிக் கொடுத்தான்.