செய்தது: நோர்பெர்ட்

நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை, பத்தொன்பதாம் எண் வீட்டு வாசலில் நின்று லோமன் அம்மாள் சிரித்த சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது குப்பை எடுக்க வரும் நோர்பெர்ட்டுக்கும் தெரியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கிர்ஷ்பெர்க் தெருவின் முப்பத்து நான்கு வீடுகளில் குப்பையை ஒழுங்காகப் பிரித்துப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குப்பைத் தொட்டியின் மூடிமேல் ஒரு தகர டப்பா வைப்பார். உள்ளே பிஸ்கட். மேலே ஒரு சீட்டு: ‘குப்பை எடுக்க வருபவர்களுக்கு.’

அன்று காலை அவராகவே வாசலுக்கு வந்து, “இந்த வருஷம் உங்களுக்கு என்ன பிஸ்கட் செய்யட்டும்? அந்த டிரைவருக்கு எது ஒத்துக்கும்?” என்று கேட்டார்.

குளிரா, தூக்கக் கலக்கமா, எதுவென்று தெரியவில்லை, நோர்பெர்ட்டின் வாயிலிருந்து அந்தப் பதில் வந்துவிட்டது. “எதுக்கு லோமன் அம்மா உங்களுக்குச் சிரமம்? நானே பிஸ்கட் சுடுவேன். சொன்னா கோச்சுக்காதீங்க, உங்களோடதைவிட நல்லாவே வரும்.”

“நீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் சிரித்தார். நல்ல வேடிக்கை ஒன்றைக் கேட்டவர் சிரிப்பதைப்போல, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து.

“இந்த வருஷம் நான் கொண்டுவந்து தர்றேன். இந்தத் தெரு மொத்தத்துக்கும்” என்றார் நோர்பெர்ட். சொல்லிவிட்டு லாரியின் பின்படியில் ஏறிக்கொண்டார். அடுத்த வளைவு திரும்பும்போதுதான், முப்பத்து நான்கு வீடு என்றால் எத்தனை கிலோ வெண்ணெய் என்ற யோசனை வந்தது.

அவர் சொன்னது பெருமைக்குச் சொன்னதல்ல, உண்மை. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை மதியம் இரண்டுக்கு முடிந்துவிடும். மனைவி யூட்டா வேலை பார்க்கும் கடை இரவு எட்டுக்குத்தான் மூடும். நடுவிலிருக்கும் ஆறு மணி நேரத்தைத் தொலைக்காட்சி முன்னால் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. ஒருநாள் மாவுப் பொட்டலத்தின் பின்னால் அச்சிட்டிருந்த குறிப்பைப் படித்து ஒரு கேக் செய்தார். கல்லாக வந்தது. மறுநாள் மறுபடி செய்தார். அது ஆயிற்று பதினோரு வருடம். இப்போது வெனிலாப் பிறை பிஸ்கட்டில் அவரை அடித்துக்கொள்ள அந்த மலைச்சரிவு ஊரில், வுப்பர்டால் முழுக்கத் தேடினாலும், நாலு பேர் இருந்தால் அதிகம். வெண்ணெய், மாவு, பொடித்த பாதாம், சர்க்கரை, அவ்வளவுதான் சங்கதி. பிறை வடிவில் உருட்டிச் சுட்டு, சூடு இருக்கும்போதே வெனிலா கலந்த தூள் சர்க்கரையில் புரட்ட வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓவனிலிருந்து எடுத்த கையோடு தொட்டால் நொறுங்கிவிடும். ஆறிவிட்டால் சர்க்கரை ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் தொலைபேசி அடித்தால் நோர்பெர்ட் எடுக்கமாட்டார்.

“தெரு மொத்தத்துக்குமா?” என்றாள் யூட்டா, காலணியைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று. மேசை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் தட்டுகள். “உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு நோபி.”

“பன்னெண்டு பன்னெண்டா முப்பத்து நாலு பொட்டலம். உடைஞ்சதெல்லாம் டிரைவர் சாப்ரிக்கு.”

“சரி, பண்ணு. ஆனா...” யூட்டா ஒரு பிறையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்தாள். “அவங்க சாப்பிட மாட்டாங்க நோபி.”

“ஏன்?”

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். பார்த்ததை மறைக்கத் தேநீர்க் கோப்பையை எடுக்கத் திரும்பினாள். பதினெட்டு வருடமாகக் கையுறைக்குள்ளேயே கிடந்த கைகள். வேலை முடிந்ததும் ஒரு தடவை, வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை, மாவைத் தொடும் முன் ஒரு தடவை என்று நகக்கண் வரை பிரஷ் போட்டுத் தேய்த்தவை. வங்கியில் உட்கார்ந்திருப்பவரின் கைகளைவிட வெளுத்து, மெத்தென்று இருந்தன.

இரண்டு பேருக்குமே அப்போது நினைவில் வந்தது ஒரே நாள்தான். யூட்டாவின் அண்ணனுடைய ஐம்பதாவது பிறந்தநாள். நோர்பெர்ட் செய்துகொண்டு போன செர்ரி கேக் மேசை நடுவில் இருந்தது. சுற்றியிருந்த தட்டுகள் எல்லாம் காலியாகிக்கொண்டிருந்தன. கேக்கில் ஒரு கத்திக்கோடுகூட விழவில்லை. எல்லோரும் வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள். அப்போது யூட்டா எழுந்து, “அட, எடுத்துக்கங்க, நான்தான் செஞ்சேன். நோபி தூக்கிட்டு வந்தான், அவ்வளவுதான்” என்றாள். பத்து நிமிடத்தில் கேக் காலி. அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நோர்பெர்ட் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காரை ஓட்டினார்.

இப்போது அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில்: ‘செய்தது: நோர்பெர்ட் ஷ்ட்ராட்மன். வியாழக்கிழமைகளில் உங்கள் குப்பையை எடுப்பவன். வெண்ணெய், மாவு, பாதாம், சர்க்கரை, வெனிலா. மூன்று வாரம் கெடாது.’

“அந்த ரெண்டாவது வரி வேண்டாமே” என்றாள் யூட்டா மெதுவாக. “பேரு மட்டும் போதாதா?”

“பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும்?”

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, “ரிப்பன் எங்க? உனக்கு முடிச்சுப் போடத் தெரியாது” என்று உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிளாஸ்டிக் பொட்டலத்திலும் சிவப்பு ரிப்பனைக் கட்டி, நுனியைக் கத்தரிக்கோலின் விளிம்பில் வைத்து இழுத்தாள். அது சுருள் சுருளாகத் துள்ளிக்கொண்டு நின்றது. முப்பத்து நான்குக்கும் அப்படித்தான். ஒன்றுகூட விடவில்லை.

கொடுப்பதை வியாழக்கிழமை கொடுக்கக்கூடாது என்பதில் நோர்பெர்ட் உறுதியாக இருந்தார். குப்பைத் தொட்டி மூடிமேல் வைத்துவிட்டுப் போகும் சமாசாரம் இல்லை இது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம், சவரம் செய்து, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பெரிய கூடைகளோடு கிர்ஷ்பெர்க் தெருவின் அடியிலிருந்து மேலே ஏறினார். ஜன்னல்தோறும் மெழுகுவர்த்தி.

அவர் எதிர்பாராத சங்கடம் முதல் வீட்டிலேயே வந்தது. ஆரஞ்சு உடுப்பு இல்லாமல் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

“எங்களுக்கு எதுவும் வேண்டாம். நாங்க ஏற்கெனவே சர்ச்சுக்குப் போறவங்கதான்” என்றது வாசல் ஒலிபெருக்கி.

“நான் குப்பை எடுக்கறவன்ங்க.”

“ஞாயித்துக்கிழமையா?”

மூன்றாம் எண்ணில் விற்பனையாள் என்று நினைத்தார்கள். ஏழாம் எண் வீட்டு நாய் மட்டும், வியாழன்தோறும் எப்படிக் குரைக்குமோ அப்படியே, கதவு பெயர்ந்துவிடும்போலக் குரைத்தது. நோர்பெர்ட்டுக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் கதவுகள் திறந்தன. அட்டையைப் படித்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள், “அட, நீங்களா!” என்றார்கள். அந்த ‘நீங்களா’ வேறு மாதிரி இருந்தது. பத்தொன்பதாம் எண்ணில் லோமன் அம்மாள் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். “நிஜமாவே செஞ்சுட்டீங்களே! எவ்வளவு அழகா இருக்கு!” என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாலை ஐந்து மணிக்குக் காலிக் கூடைகளோடு சரிவில் இறங்கியபோது நோர்பெர்ட்டுக்குக் கால் தரையில் பட்ட நினைவில்லை.

வியாழக்கிழமை பழுப்புத் தொட்டிகளின் முறை, மக்கும் குப்பை. லாரி தெருவுக்குள் நுழைந்ததுமே நாலாம் எண் வீட்டுக்காரர் இரவு உடையோடு வாசலுக்கு ஓடிவந்தார். “நோர்பெர்ட்! ஒரே ராத்திரியில காலி! என் பொண்டாட்டி எனக்கு ரெண்டுதான் குடுத்தா!”

நோர்பெர்ட் என்று கூப்பிட்டார். பதினெட்டு வருடத்தில் அந்தத் தெருவில் அவருக்கு ஹலோ என்று பெயர் இருந்தது, ஏங்க என்று பெயர் இருந்தது. தொட்டியை இழுத்துக்கொண்டிருந்த அவர் நின்றுவிட்டார். கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஓட்டுநர் இருக்கை ஜன்னலிலிருந்து சாப்ரியின் தலை நீண்டது. உடைந்த பிறைகளை இரண்டு வாரமாகத் தின்று தீர்த்துக்கொண்டிருப்பவன். மீசையில் இப்போதும் சர்க்கரை. “யோவ், நீ சினிமாக்காரன் ஆயிட்டியா? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு சீக்கிரம் வா!”

பன்னிரண்டாம் எண் பெண் பக்குவம் கேட்டாள். தொட்டியைத் தூக்குக் கொக்கியில் மாட்டிக்கொண்டே நோர்பெர்ட் அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிச் சொன்னார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். பதினாறில் ஒருவர் பாராட்டினார், பதினேழில் ஒருவர். முதுகு அவரையறியாமல் நிமிர்ந்துகொண்டே போனது.

பத்தொன்பதாம் எண் தொட்டியைத் திறந்து பார்த்தார். மூடி திறந்து ஒரு பார்வை பார்ப்பது வேலையின் பகுதி. பிளாஸ்டிக் கிடந்தால் சிவப்பு அட்டை ஒட்டிவிட்டு, எடுக்காமல் போகவேண்டும். உருளைக்கிழங்குத் தோல். காப்பித் தூள். அதற்கு நடுவில், யூட்டா சுருட்டிய சிவப்பு ரிப்பன். முடிச்சு அவிழ்க்கப்படவில்லை.

எத்தனை நேரம் நின்றாரோ, சாப்ரி லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

“சிவப்பு அட்டை ஒட்டு” என்றான். “மக்கும் குப்பையில பிளாஸ்டிக். சட்டம் சட்டம்தான். ஒட்டுய்யா, ரெண்டு வாரம் நாறட்டும்.”

தொட்டியைக் கொக்கியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். இரும்புப் பலகை வந்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குப் போய், முப்பத்து நாலும் காலி, தெருவே நக்கிச் சாப்பிட்டது என்று யூட்டாவிடம் சொல்லலாம். அவளும் சந்தோஷப்படுவாள். அன்று அந்தப் பிறந்தநாள் மேசையில் அவள் எழுந்து நின்று சொன்ன மாதிரிப் பொய்யைத்தான் இன்று அவர் சொல்வதாக இருக்கும்.

பொட்டலத்தை எடுத்தார். ஒட்டியிருந்த காப்பித் தூளைச் சட்டைக் கையில் துடைத்தார். பிறகு தொட்டியை மாட்டி, காலி செய்து, எப்போதும்போல வேலியை ஒட்டி நேராக நிறுத்தி மூடினார். “ஒரு நிமிஷம் இரு” என்று சாப்ரியிடம் சொல்லிவிட்டு, வாசற்படி ஏறி மணியை அழுத்தினார்.

லோமன் அம்மாள் கதவைத் திறந்தார். முதலில் ஆரஞ்சு உடுப்பைப் பார்த்தார், அப்புறம் பொட்டலத்தை. கதவின் பிடியிலிருந்து அவர் கை இறங்கவில்லை.

“லோமன் அம்மா, பழுப்புத் தொட்டியில இந்தக் கவரு வரக்கூடாது” என்றார் நோர்பெர்ட். குரல் தான் நினைத்ததைவிட அமைதியாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். “உங்களுக்குத் தெரியாததில்ல. எடுத்துட்டேன். தொட்டி காலி.”

“மிஸ்டர்...” என்று தொடங்கிய அவருக்குப் பெயர் வரவில்லை.

“நோர்பெர்ட். அட்டையில இருக்கு.”

அந்த அம்மாள் ஏதாவது பொய் சொல்வார் என்று நோர்பெர்ட் எதிர்பார்த்தார். பாதாம் ஒத்துக்காது, சர்க்கரை வியாதி, இப்படி ஏதாவது. சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் சொல்லவில்லை. முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

“ரெண்டு நாள் மேசைமேலயே வெச்சிருந்தேன்” என்றார் கடைசியில். “பிரிக்கணும்னுதான் உக்காந்தேன். ரெண்டு நாளும் உக்காந்தேன்.”

நோர்பெர்ட் கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். ரிப்பனின் சுருள் கெடாமல் முடிச்சை அவிழ்த்தார். உறையைப் பிரித்ததும் வெண்ணெயும் வெனிலாவும் குளிரில் மேலே எழுந்து வந்தன. உள்ளே காகித அடுக்குகளுக்கு நடுவில் பன்னிரண்டு பிறைகள். நாலு நாள் மேசையிலும் தொட்டியிலும் கிடந்து, விழுந்து, மேலே உருளைக்கிழங்குத் தோல் கொட்டப்பட்டு, பன்னிரண்டில் ஒன்றுகூட உடையவில்லை. ஒரு நுனி கூட உதிரவில்லை. அந்த நேரத்திலும் அவர் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மார்பு ஒரு தடவை விரிந்து அடங்கியது. பார், இப்படித்தான் அடுக்கவேண்டும் என்று யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது.

ஒன்றை எடுத்துக் கடித்தார். அவசரப்படவில்லை. நாக்கில் வைத்ததும் கரைந்தது. முதல் தட்டில் சுட்டதாக இருக்கவேண்டும். கடைசித் தட்டு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் போயிருந்தது.

“நல்லா வந்திருக்கு” என்றார். நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதைப்போலச் சொன்னார்.

பிறகு பொட்டலத்தை லோமன் அம்மாள் பக்கம் நீட்டினார். கீழே சரிவில் லாரிக்குப் பின்னால் இரண்டு கார்கள் சேர்ந்திருந்தன. ஒன்று ஹாரன் அடித்தது. “என்ன அவசரம், வேலை நடக்குதுல்ல!” என்று சாப்ரி திருப்பிக் கத்துவது கேட்டது. மூன்றாவதாக ஒரு கார் வந்து நின்றது.

நோர்பெர்ட் நீட்டிய கையை மடக்கவில்லை. லாரியின் மேல் சுழலும் மஞ்சள் விளக்கின் வெளிச்சம் வாசலைத் தொட்டுவிட்டுப் போய், மறுபடி வந்து தொட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் லோமன் அம்மாளின் கை கதவுப் பிடியைவிட்டுச் சற்றுத் தள்ளி வந்திருந்தது; பிறகு, பிறைகளுக்கு மேல், எதை எடுப்பது என்று தெரியாததைப்போல விரல்கள் விரிந்து நின்றன. ஒரு பிறையைத் தொட்ட விரல்நுனியில் சர்க்கரை வெள்ளையாகப் படிந்திருந்தது.