ஸ்லைசருக்கு எதிராக அறிவுச்செல்வன்

மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் கணக்கு வாத்தியார் அறிவுச்செல்வனுக்கு ஆவூரில் பெரிய பேர் ஒன்றும் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. ஒரே மென்பொருளை வைத்துக் கணினியில் பாட்டு செய்கிறவர்களின் குழு அது. அங்கே அவர் அறிவண்ணன்.

புதுக்கோட்டை ரெங்கராஜ் அந்தக் குழுவில் ஒரு கோரிக்கையைப் போட்டான். நம் மென்பொருளில் ஸ்லைசர் இல்லை. ஒலிப்பதிவைக் கொடுத்தால் ஒவ்வொரு அடியையும் தானே கண்டுபிடித்துத் துண்டு போடும் கருவி அது. அதை உள்ளேயே வைத்துத் தரும்படி கம்பெனியைக் கேட்டு எல்லோரும் இணையத்தில் கையெழுத்திட வேண்டும்.

அறிவுச்செல்வன் பதினொரு பத்தியில் மறுத்தார். காது உள்ளவனுக்கு ஸ்லைசர் எதற்கு என்று முடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பாட்டைக் கையாலேயே வெட்டிச் செய்து, ஞாயிற்றுக்கிழமை அதன் ஃபைலையே குழுவில் போடுகிறேன், திறந்து பாருங்கள் என்றும் எழுதினார். எழுபது பேர் கைதட்டினார்கள்.

அடுத்த பாட்டு புதன்கிழமை வந்தது. கொடும்பாளூர் பக்கம் ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கும் முனியாயி, தன் செவலைக்காளைக்கு ஒரு பாட்டு கேட்டாள். பாட்டு முழுக்கச் செவலையின் கழுத்துமணி ஒலிக்க வேண்டும். மாட்டை நடக்கவிட்டு, செல்போனில் மணிச்சத்தத்தைப் பதிந்து கொண்டுவந்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாரேன் சார். நல்லால்லேன்னா திருச்சிக்குப் போயிருவேன்."

இரண்டு நிமிடப் பதிவு. நூற்று நாற்பத்தாறு மணியடி. எந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே இடைவெளி இல்லை. எல்லாவற்றையும் வெட்டித் தாளத்தில் உட்காரவைக்க வேண்டும். வியாழக்கிழமை இருபது அடி வெட்டினார். வெள்ளிக்கிழமை அதில் பதினான்கைத் திரும்ப வெட்டினார்.

சனிக்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு, பத்து நாள் இலவசமாகக் கிடைத்த ஒரு ஸ்லைசரை இறக்கினார். நூற்று நாற்பத்தாறும் நான்கு விநாடியில் விழுந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஃபைலைத் திறக்கிறவனுக்கு உள்ளே ஸ்லைசர் இருப்பது தெரிந்துவிடும். துண்டுகளைத் தனித்தனியாக வெளியே எடுத்து, கையால் வெட்டியது மாதிரி அடுக்கினார். நம்பும்படி இருக்கட்டும் என்று நாலைந்தைக் கோணலாகவும் வைத்தார். அதற்கு மூன்று மணி நேரம் ஆனது.

பிறகு ரெங்கராஜின் கோரிக்கையில் கையெழுத்திட்டார். தன் பேரில் போட முடியுமா? மனைவி ஷர்லியின் பேரில், அவளுடைய மின்னஞ்சல் முகவரியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முனியாயி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பாதியிலேயே கழற்றிவிட்டாள்.

"இது யாரு மாடு சார்?"

"ஒங்க மாடுதாம்மா. நீங்க குடுத்த மணிதான்."

"செவலை ரெண்டு எட்டு வச்சா நின்னு மோந்து பாக்கும். இது என்.சி.சி. பயலாட்டம் போகுது. எங்கூருல கேட்டா இரவல் மாடும்பாங்க. நான் குடுத்தத அப்புடியே போடுங்க."

"தாளத்துல நிக்காதும்மா."

"அது எங்கிட்டுத்தான் நின்னுச்சு?"

துண்டுகளையெல்லாம் நீக்கிவிட்டு, பதிவை முழுசாக வைத்தார். மாடு நின்று முகர்கிற இடத்திலெல்லாம் பாட்டில் போட்டிருந்த உறுமிமேளத்தையும் நிறுத்தினார். அரை மணி நேர வேலை. முனியாயி மூன்று தரம் கேட்டாள்.

"இப்பத்தான் செவலை. எங் கொழுந்தன் ராக்கனுக்கு அஞ்சு மாடு இருக்கு சார். அடுத்த மாசம் அதுக்கும் போடணும். அவன் மாடுக நேராத்தான் நடக்கும்."

அறிவுச்செல்வன் மனதுக்குள் ஐந்தை நூற்று நாற்பத்தாறால் பெருக்கினார். ஸ்லைசருக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

சொன்ன சொல்லுக்கு ஃபைலைக் குழுவில் போட்டார். திறந்து பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஸ்லைசரும் இல்லை. ஒரு வெட்டுகூட இல்லை. மாட்டின் நடையையே தாளமாக்கிவிட்டார் என்று ஒருவர் எழுதினார்.

ரெங்கராஜ் குரல்பதிவு அனுப்பினான். "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. கோரிக்கைய எடுத்துட்டேன்."

"வேணாம் தம்பி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அவசரமாகத் தட்டி அனுப்பினார். அவருடைய பெருந்தன்மைக்கு நாற்பது பேர் கும்பிட்டார்கள்.

ஷர்லி போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்னங்க, நான் கையெழுத்துப் போட்ட கோரிக்கைய எடுத்துட்டாங்கன்னு மெயில் வந்திருக்கு. ஸ்லைசர்னா என்ன?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தேவையில்லாத ஒண்ணு."

"அப்பறம் எதுக்கு நான் கேட்டேன்?"