லென்ஸுக்குக் கீழே ஒட்டிய படம்

என் கணவர் தொலைக்காட்சியில் பிரசங்கம் செய்கிறவர். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவரைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ வீடுகளில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதே எட்டு மணிக்கு என் வீட்டில் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். "காப்பி" என்றால் கை மட்டும் வெளியே வரும்.

மாதத்தில் ஒரு நாள் படப்பிடிப்பு. நாலு ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பகலில் பேசி முடித்துவிடுவார். கோட்டு மட்டும் மாறும்: கறுப்பு, நீலம், பழுப்பு, சாம்பல். கறுப்பைக் கழற்றிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, நீலத்தை மாட்டிக்கொண்டு போய், "போன வாரம் நாம் தியானித்தோமே" என்று ஆரம்பிப்பார். கோட்டுகளைத் தேய்த்துக் கொடுப்பது என் ஊழியம். வருகிற கடிதங்களைப் பிரிப்பதும் என் ஊழியம்தான். நன்றி ஒரு கட்டு, ஜெபக் குறிப்பு ஒரு கட்டு, வசையெல்லாம் நேரே குப்பைக் கூடைக்கு. ஜெபத்துக்கு என்று திரையில் ஓடுகிற எண்ணும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அலறும்.

திங்கட்கிழமை தவறாமல் ஒருத்தி கூப்பிடுவாள். ஆறு வருஷமாகப் பழக்கம், ஆனால் பெயர் சொல்ல மாட்டாள். திங்கட்கிழமைக்காரி என்று நானே பெயர் வைத்தேன்.

"ஐயா நேத்தும் என்னையே பாத்துப் பேசுனாரும்மா. 'மகளே, நான் உன்னைப் பார்க்கிறேன்'னு சொல்றப்ப அந்தக் கண்ணு இருக்கே! என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துல ஒரு நாளாச்சும் அப்படிப் பாத்திருப்பாரா? நீங்க குடுத்துவச்சவங்கம்மா."

"ஸ்தோத்திரம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். நான் எங்கே கொடுத்துவைத்தேன்? இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கண் எனக்குக் காட்டப்படவே இல்லை. அப்படியானால் எங்கே பழகினார்? பாடல் குழுவில் முன் வரிசையில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாடுகிறாளே ஒருத்தி, அவள்மேல்தான் என் சந்தேகம் போனது.

அடுத்த படப்பிடிப்பில், உடை மாற்றும் அறைக்குத் தண்ணீர் குடிக்க வந்த கேமராக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா கேமராவை அப்படிப் பாக்குறாரே, எப்படிங்க?"

"கேமராவை எங்க பாக்குறாரு? படத்தைத்தானே பாக்குறாரு."

"எந்தப் படம்?"

அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். லென்ஸுக்குக் கீழ ஒரு அம்மா படத்தை ஒட்டச் சொல்வாரு. முடிஞ்சதும் எடுத்து பைபிளுக்குள்ள வச்சுக்குவாரு."

ஒரு அம்மா! தேய்ப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழுப்புக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நேரே படப்பிடிப்புத் தளத்துக்குப் போனேன். அவர் முகம் கழுவப் போயிருந்தார். லென்ஸுக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாஸ்போர்ட் படம். நாற்பது வயது, எண்ணெய் வழியும் நெற்றி, துளிச் சிரிப்புக் கிடையாது. அழகியாக இருந்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். இந்த முகத்துக்கா அந்தப் பார்வை? பிய்த்து எடுத்துத் திருப்பினேன். பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

'என்னைப் பார்ப்பதாக வாரா வாரம் சொல்கிறீர்கள். சுத்தப் பொய். இதுதான் என் முகம். இனிமேலாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள்.'

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த கடிதம். வசைக் கணக்கில் சேர்த்துக் கூடையில் போட்டவளே நான்தான்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவர் வந்தார். என் கையில் படத்தைப் பார்த்ததும் துண்டு அப்படியே நின்றது.

"இதை நான் கூடையில போட்டேனே."

"நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். "நம்புறவங்க முன்னால எனக்கு வாய் அதுபாட்டுக்கு ஓடுது. இவங்க நம்பல. இவங்களைப் பாத்தாத்தான் ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சு வருது."

இவங்களாம்! மரியாதை வேறு. ஒரு காகிதத் துண்டின்மேல் எனக்கு வந்த பொறாமை பாட்டுக்காரியின்மேல்கூட வந்ததில்லை.

"நானும்தான் நம்பல."

"என்ன சொன்ன?"

"கடவுளை நம்புறேன். உங்களை நம்பி ஏழு வருஷம் ஆச்சு. 'போன வாரம், போன வாரம்'னு அங்க பேசுறீங்க. அந்தப் போன வாரக் கோட்டு உங்க உடம்புச் சூடு ஆறாம என் கையில கெடக்கும். நம்பாதவதான் வேணும்னா வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கேன். குப்பைக் கூடையிலயா போய்த் தேடுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். வீடு இதுதானா என்று வாசலில் நின்று பார்க்கிற ஆள்போல, நெற்றியிலிருந்து மோவாய்வரை நிதானமாகப் பார்த்தார். அதே கண்தான்.

"ஐயா, லைட் ரெடி. படத்தை ஒட்டிரட்டுமா?" என்றார் கேமராக்காரர்.

"வேண்டாம். இவ நிக்கட்டும்."

லென்ஸுக்குப் பக்கத்தில் தலையை ஒட்டி நின்றேன். "போன வா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தபோது போன வாரம் இல்லை, மகளே என்பதும் இல்லை. என்ன பேசினார் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்துக்கொண்டே பேசினார், அவ்வளவுதான். ஊர்ப் பெண்களெல்லாம் பங்கு போட்டுக்கொண்டதை அரைமணி நேரம் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன். சாம்பல் கோட்டுக்கும் நானே நின்றேன். படத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் கேட்கவும் இல்லை. மறுநாள் காலை காப்பிக்குச் செய்தித்தாள் இறங்கியது.

பழுப்புக் கோட்டு ஒளிபரப்பான மறுநாள் திங்கட்கிழமைக்காரி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"ஐயாவுக்கு என்னம்மா ஆச்சு? நேத்து என்னைப் பாக்கவே இல்ல. வேற யாரையோ பாத்துப் பேசுனாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றாள். "முதல்ல எனக்கு அவர்மேல நம்பிக்கையே இல்ல. ஆறு வருஷத்துக்கு முந்தி, திட்டி எழுதி என் படத்தையும் அனுப்பினேன். அதுக்கடுத்த மாசத்துலேர்ந்து என்னை நெஜமாவே பாக்க ஆரம்பிச்சாரு. எனக்கு அது நல்லாத் தெரியும்மா. அதுக்கப்புறம்தான் நம்பினேன். இப்ப என் படத்தைத் தூக்கிப் போட்டுட்டாரா?"

கைப்பை என் மடியில்தான் இருந்தது. திறந்து பார்த்தேன். சாவிக்கொத்துக்கு அடியில் மூலை மடங்கிக் கிடந்தாள். பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"படம் பத்திரமா இருக்கும்மா. அடுத்த வாரம் உங்களைப் பாப்பாரு" என்றேன்.

அடுத்த வாரம் சாம்பல் கோட்டு. அதற்கும் நின்றவள் நான்தான்.